நூற்று நாற்பதாம் பக்கம்

"மேடம், தீர்க்கதரிசிங்க எல்லாம் எந்தப் பக்கம்?"

கேள்வி என்னவோ நூலகரிடம்தான். ஆனால் வாசிப்புக்கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன. ஜன்னலோரம் எபிரேய இலக்கணத்தின்மேல் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதுபோலத் திடுக்கிட்டு எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். நூலகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய 'அமைதி காக்கவும்' பலகையைக் கண்ணாலேயே காட்டினார். கேட்டவர் பலகையைப் பார்த்தார். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். அதுவும் கடைசி மேசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

அவர் வாழ்நாளில் பாதியைப் பேருந்து நடத்துநராகக் கழித்தவர். இன்ஜின் இரைச்சல், குழந்தை அழுகை, ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி இருக்கைக்குப் போய்ச் சேரும்படி பழக்கப்பட்ட குரல். ஐம்பது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இறையியல் படிக்க வந்துவிட்டார். அவர் மனைவி தையல்கடை வைத்திருக்கிறார். "ஊரை ஏத்தி இறக்கினது போதும், இனிமே பரலோகத்துக்கு டிக்கெட் கிழி போ" என்று சொல்லி அனுப்பிவைத்தாராம். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து கிரேக்க எழுத்துகளை உருப்போட்டார். அவருக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். மனதுக்குள் படித்தால், பயணி ஏறாத வண்டி மாதிரி எழுத்துகள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் என்பார். வந்த முதல் மாதத்திலேயே கல்லூரி முழுக்க அவருக்குக் கண்டக்டர் என்றே பெயராகிவிட்டது.

நூலகருக்கும் மாணவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். உஷ் அக்கா. அவர் வாயைத் திறந்து ஒருநாளும் உஷ் என்றதில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அவருடைய நூலகத்தில் எது எங்கே என்று கேட்டு யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. தொலைவில் ஒற்றை ஆளாகச் சபை நடத்தும் பழைய மாணவர்களுக்குப் புத்தகங்களைத் தபாலில் அனுப்புவார். இங்கே இல்லாததை வேறு கல்லூரிகளில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கித் தருவார். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கிடைக்காமல் மூஞ்சியைத் தொங்கப்போட்டு வருகிறவனை மூன்று கேள்வி கேட்டு, நான்கு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார். ஒரு பழைய முதல்வர், சில புத்தகங்கள் பிள்ளைகளின் விசுவாசத்தைக் கெடுக்கும், பூட்டிவையுங்கள் என்றபோது, "பூட்டுறதுன்னா சாவியையும் ராஜினாமாவையும் சேர்த்து வாங்கிக்குங்க சார்" என்று சொன்னவர். புத்தகத்துக்கும் படிக்கிறவருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. அவருக்கு வேதம் என்று தனியாக ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்.

அந்த வேதத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தவள் வக்கீல்.

வக்கீல் என்பதும் பட்டப்பெயர்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவாள். ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது. போதகராக வேண்டும் என்று அவள் முடிவெடுத்தபோது அவளுடைய அப்பாவே, "பாட்டு டீச்சரா போயேம்மா" என்றிருக்கிறார். "எனக்குப் பாட வராதுப்பா, பேசத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். ஆங்கிலப் புத்தகங்களை அவளுடைய கணினி வாசித்துக் காட்டிவிடும். தமிழில்தான் தகராறு. பழைய அச்சுப் புத்தகங்களைப் படமெடுத்துக் கொடுத்தால் கணினிக்குப் பாதி எழுத்து புரியாது. புரிந்த பாதியையும் மூச்சுவிடாமல், உணர்ச்சியில்லாமல், செத்த வீட்டில் கணக்கெழுதுகிறவன் குரலில் வாசிக்கும். "அக்கா, நேத்து அது மோசேயை மோசமேன்னே கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. நாப்பது வருஷம் வனாந்தரத்துல அலைஞ்ச மனுஷனுக்கு இது தேவையா?" என்று வந்து நின்றாள்.

நூலகத்தின் பின்புறம் ஒரு சிறிய அறை சும்மா கிடந்தது. ஒருகாலத்தில் பிரசங்கங்களைப் பதிவுசெய்த அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். நூலகர் அதைத் தூசிதட்டி, ஒரு ஒலிவாங்கியும் பழைய மடிக்கணினியும் வாங்கிவைத்து, வாசித்துப் பதிவுசெய்ய ஆள் தேடினார். பையன்கள் ஆர்வமாகத்தான் வந்தார்கள். ஒருவன் இரண்டு பக்கத்தில் தொண்டை கட்டிப் போனான். இன்னொருவன் ஒவ்வொரு வரியையும் பிரசங்கமாக்கினான். அப்போதுதான் நூலகருக்குத் தோன்றியது. கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு குரல், வாய்விட்டுப் படித்தே தீரவேண்டிய ஒரு மனிதர், சத்தம் வெளியே போகாத ஒரு அறை. இதைவிடப் பொருத்தம் ஜாதகம் பார்த்தாலும் அமையாது.

கண்டக்டர் முதலில் தயங்கினார். "நான் படிச்சா பாடமா இருக்காது மேடம், அறிவிப்பா இருக்கும்."

"இருக்கட்டும் அண்ணே. அவளுக்கும் கேக்கணும், உங்களுக்கும் ஏறணும்."

அப்படி ஆரம்பித்தது. தினமும் மதிய வகுப்பு முடிந்ததும் ஒரு குடுவை வெந்நீரோடு அறைக்குள் போவார். அவர் டீ, காபி எதுவும் தொடுவதில்லை. தொண்டைக்கு வெந்நீர்தான் என்பது வண்டிக்காலத்துப் பழக்கம். ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் எண்ணைச் சொல்வார். "நூத்திப் பன்னெண்டாம் பக்கம். ஏறுங்க, உள்ள போங்க." நீளமான வாக்கியம் வந்தால், "இந்த ஆளு எங்கயும் நிறுத்தாம ஓட்டுறார் வக்கீலம்மா, நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்பார். பக்கத்தின் அடியில் குறிப்பு இருந்தால், "கீழ ஒண்ணு படிக்கட்டுல தொங்குது, அதையும் ஏத்திக்கிறேன்" என்பார். புரியாத இடத்தில் புரியவில்லை என்றே சொல்லிவிடுவார். வக்கீல் அதைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, மறுநாள் அவருக்கு விளக்குவாள். கிரேக்கச் சொற்களை அவர் உடைத்த உடைப்பைச் சரிசெய்து, காதால் பழக்கினாள். அரையாண்டுத் தேர்வில் கிரேக்கத்தில் தேறிய அன்று அவர் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னது மூன்று கட்டிடங்களுக்குக் கேட்டது.

கொஞ்ச நாளில் கண் நன்றாகத் தெரிகிற மாணவர்களும் அந்தப் பதிவுகளை இரவல் கேட்டு வந்தார்கள். தூங்காமல் கேட்க முடிகிறதாம். நூலகர் ஒவ்வொரு பதிவையும் வெளியே கொடுப்பதற்கு முன்பு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அதற்கு வேலை நேரத்தில் இடமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறையில் எண்ணெய் டப்பாவில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். முதலில் கதவை மூடச் சொன்ன அவருடைய கணவர், பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார். "நேத்து அந்தக் குஷ்டரோகி கதையை நடுவுல நிறுத்திட்டியே, அப்புறம் என்னாச்சு?" என்று பட்டாணி உரித்துக்கொண்டே கேட்பார்.

அன்றும் கணவர் பட்டாணிதான் உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்துக்கான பாடம் குணமாக்கும் அற்புதங்கள். அதற்குரிய பழைய விளக்கவுரை தடிமனான நீல அட்டைப் புத்தகம். பிறவிக் குருடனின் கதைக்கு வந்திருந்தார் கண்டக்டர். நூற்று முப்பத்தொன்பதாம் பக்கத்தின் கடைசி வரியை முடித்தார். பிறகு ஒரு அமைதி. காகிதம் புரளும் சத்தம். ஒரு இருமல். "வக்கீலம்மா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றார். மறுபடி குரல் வந்தபோது அவர் பக்க எண் சொல்லவில்லை. நேராக நூற்று நாற்பத்தொன்றின் முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போனார்.

நூலகர் கத்தியை வைத்துவிட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்து, அவர் விட்டுவிட்ட பக்கத்தைப் படித்தார். பார்வை இழந்தோர்பால் இரக்கம் காட்டுதல் தகும் என்று தொடங்கியிருந்தது. ஆயினும் சபையை நடத்தும் பொறுப்பை அன்னோரிடம் ஒப்புவித்தல் தகாது; வழி காணாதவன் பிறர்க்கு வழி காட்டுவது எங்ஙனம்; அவர்தம் குறை, ஆத்துமாவின் இருளுக்குத் தேவன் வைத்த அடையாளம். இப்படியே முழுப் பக்கம். நிதானமாக, நல்ல தமிழில், தன்மேல் ஒரு துளி சந்தேகமும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது.

"என்ன, நிறுத்திட்டே?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல. ஒரு பக்கம் விட்டுட்டார்."

"சொல்லு, நாளைக்குப் படிச்சுச் சேத்துடுவார்."

மறுநாள் நூலகர் கண்டக்டரிடம் கேட்கத்தான் செய்தார். கண்டக்டர் குடுவையின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார், மறுபடி மூடினார். "நாக்கு வரல மேடம். அந்தப் புள்ளைகிட்ட போய் என் வாயால அதை எப்படி…" என்று நிறுத்திக்கொண்டார். நூலகர் பதிவை அப்படியே வக்கீலின் ஒலிக்கருவியில் ஏற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அடுத்தவர் செய்த தவறின் நிழலில் நாம் ஒதுங்கிக்கொள்ளும்போது வரும் நிம்மதி. ஒரு பக்கம்தானே, அதுவும் எந்தக் காலத்திலோ எவரோ எழுதியது, அந்தப் பெண் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சாவியையும் ராஜினாமாவையும் பற்றி அன்றைக்கு அவருக்கு நினைவு வரவில்லை.

கருத்தரங்க வகுப்பில் அது வெடித்தது. வெடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, சத்தமே இல்லை. பேராசிரியர் நல்ல மனிதர், மென்மையானவர். "நூத்தி நாப்பதாம் பக்கத்தை நாம விட்டுடலாம், அது அந்தக் காலத்துக் கருத்து" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகப் பார்த்தார். வகுப்பில் காகிதங்கள் புரண்டன. வக்கீல் கையைத் தூக்கி, "சார், அந்தப் பக்கத்துல என்ன இருக்கு?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைத் தொட்டாள். அந்தத் தொடுகையே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அவள் நேராக நூலகத்துக்கு வந்தாள். கோல் தரையைத் தட்டும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக வந்தது. நூலகரின் மேசை விளிம்பைத் தொட்டு நின்றாள்.

"அக்கா, நூத்தி நாப்பதாம் பக்கம் என்கிட்ட இல்ல."

"ஆமாம்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

நூலகரால் பொய் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள். கேட்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. "நான் இப்பப் படிச்சுக் காட்டட்டுமா?" என்றார் நூலகர். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கழுத்தில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எப்போதும் எதையாவது வாதாடிவிட்டுத்தான் போவாள். அன்று ஒன்றும் சொல்லாமல் போனாள். அதுதான் நூலகருக்குத் தாங்கவில்லை.

கண்டக்டர் பதிவறையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். சேதி அதற்குள் அவருக்குப் போயிருந்தது. நூலகர் கதவைச் சாத்திக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி அப்பவே சொல்லுவா மேடம். உனக்குக் கெட்ட சேதி சொல்ல வாயே கிடையாதுய்யான்னு. வண்டி வழியில நின்னு போனாக்கூட ஜனங்ககிட்ட இதோ கிளம்பிடும், இதோ கிளம்பிடும்னுதான் சொல்லுவேன். மனசு கேக்காது."

"நல்ல மனசுதான். ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒருத்தர் கட்டில் பக்கத்துல நின்னு, டாக்டர் கைவிட்டுட்டார்னு நீங்கதான் சொல்லணும்னு வந்தா? அப்பவும் டீ குடிக்கப் போறேன்னு போயிடுவீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு கடுமையாக அவரிடம் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். நூலகருக்கே அது அதிகமாகப் பட்டது. "உங்களை மட்டும் சொல்லல அண்ணே. நீங்க ஒரு பக்கத்தைத் தாண்டினீங்க. நான் பாத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷமா நான் எதுக்காகச் சண்டை போட்டேனோ, அதை ஒரு பாசத்துல தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். முட்டை அட்டைச் சுவர்கள் அந்த வார்த்தைகளை அப்படியே விழுங்கிக்கொண்டன.

கண்டக்டர் மகளிர் விடுதி வாசலில் போய் நின்றார். அவள் வரவில்லை. மறுநாளும் நின்றார். காவலாளி அவருக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். "அவரைப் போகச் சொல்லுங்க, வெயில் அடிக்குது" என்று மட்டும் உள்ளேயிருந்து சேதி வந்தது. கோபத்திலும் வெயிலைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள் நூலகர் போனார். பெண் என்பதால் உள்ளே விட்டார்கள். வக்கீல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விளிம்புகளை விரலால் தடவித் தடவி, இஸ்திரி போட்டதுபோல் சீராக மடித்தாள். நூலகர் மன்னிப்பை நீட்டி முழக்கவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்மா. புத்தகம் உன்னோடது. நான் அதுல கை வச்சிருக்கக் கூடாது" என்றார்.

வக்கீல் ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"அக்கா, அதுல என்ன இருக்கும்னு ஊகிச்சுட்டேன், எனக்கு அது புதுசில்ல. என்னை என்னல்லாம் சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்புலயே சொல்லுவாங்க, நான் காதும் இல்லாதவன்னு நினைச்சுக்கிட்டு. ஆனா வர்ற வாரம் எனக்குத் தேர்வுக் குழு இருக்கு. ஊழியத்துக்கு எடுக்கலாமா வேண்டாமான்னு கேக்கப்போறாங்க. அதுல இருக்கிற பெரியவங்க எல்லாரும் இந்தப் புத்தகத்தைப் படிச்சுத்தான் வந்திருப்பாங்க. யாராவது ஒருத்தர் அதே கேள்வியைக் கேட்டா, அதை நான் அங்கதான் முதல் தடவையாக் கேட்டிருப்பேன். பதில் யோசிக்க எனக்கு இருந்த நாளை நீங்க ரெண்டு பேரும் எடுத்துட்டீங்க. அது தெரியுதா உங்களுக்கு?"

"தெரியுது."

"வகுப்புல எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு மட்டும் தெரியல. அதுதான் எரியுது." இன்னொரு துணியை எடுத்தாள். அதன் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "டீ குடிக்கப்போறேன்னாரே மனுஷன். அவர் டீயே குடிக்கமாட்டார்னு எனக்குத் தெரியும். சரி பாவம், ஏதோ ஆசைப்பட்டுட்டார்னு நினைச்சேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் உதட்டோரம் லேசாக நெளிந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. "நாளைக்கு மத்தியானம் வரேன். அவரை இருக்கச் சொல்லுங்க. அந்த ரூம்ல வேண்டாம். ஹால்ல."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. தேர்வுக்காலம். அந்த வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். நடு மேசையில் வக்கீல் உட்கார்ந்தாள். எதிரே கண்டக்டர், கையில் நீலப் புத்தகம். அவர் நூலகரைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தார். நூலகர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அவர்கள் மேசையிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "படிங்க அண்ணே" என்றார்.

"நூத்தி நாப்பதாம் பக்கம்" என்று தொடங்கினார் கண்டக்டர். இரண்டு வரி போயிருக்கும். அதற்குள் குரல் இறங்கி இறங்கி, மேசையைத் தாண்டாமல் போயிற்று. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கிசுகிசுத்தார்.

"மாமா, கடைசி சீட்டுக்குக் கேக்கல" என்றாள் வக்கீல்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். வெந்நீரை ஒரு வாய் குடித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து, தன்னுடைய பழைய குரலில் படித்தார். தலைகள் நிமிர்ந்தன. யாரும் உஷ் என்று சொல்லவில்லை. வழி காணாதவன் பிறர்க்கு வழி காட்டுவது எங்ஙனம் என்ற வரி, அலமாரிகளுக்கு நடுவே போய், பின்சுவரில் மோதித் திரும்பியது. வகுப்பில் அவள் முழங்கையைத் தொட்டவள் குனிந்துகொண்டாள். அவர் ஒரு சொல்லையும் விழுங்கவில்லை, தன் பேச்சாக ஒன்றையும் சேர்க்கவும் இல்லை. முடித்ததும் புத்தகத்தின்மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார்.

கேட்டதை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது வக்கீலின் வலதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகும். அது போய்க்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்றாள் கடைசியில். "வேதத்துல இருக்கிற மூலக்கதையை எடுங்க மாமா. அந்தக் குருடன் கண்ணுல சேறு பூசின பிறகு ஆண்டவர் என்ன சொல்றார்?"

"குளத்துல போய்க் கழுவச் சொல்றார்."

"போனானா?"

"போனான். கழுவினான். பார்வை வந்துச்சு."

"எப்ப வந்துச்சு?"

"கழுவின பிறகு."

"அப்ப குளத்துக்குப் போகும்போது?"

பக்கத்து மேசையில் யாரோ பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"யாராவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்கன்னு இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

அவர் விரலை வரிமேல் ஓட்டிப் பார்த்தார். நூலகரும் எட்டிப் பார்த்தார். "இல்லம்மா. போனான்னுதான் இருக்கு."

"தெருத்தெருவா பிச்சையெடுத்தவன் மாமா. எந்தச் சந்துல திரும்பினா குளம், எத்தனை படி இறங்கணும்னு அவனுக்குத் தெரியாதா? கண்ணு ரெண்டுலயும் சேறு வேற. அப்படியே போயிருக்கான். வழி பாக்கிறது வேற, வழி தெரியறது வேற. இந்தப் பெரியவர் அந்த ஒரு வார்த்தையைத் தாண்டிப் போயிட்டார்." சற்று நிறுத்தினாள். "அவரும் டீ குடிக்கப் போயிருப்பார்."

முதலில் சிரித்தது ஜன்னலோரத்துப் பையன்தான். பிறகு எங்கெங்கிருந்தோ சிரிப்பு வந்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒருவன் எழுந்து வந்து, அந்த வாதம் நிற்காது, கதையில் சொல்லாததை வைத்துப் பேசக்கூடாது என்றான். வக்கீல் அவன் பக்கம் திரும்பி, "உக்காரு, சொல்லு" என்றாள். இன்னும் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாலை மூடும் மணி அடிக்கும் வரைக்கும் சண்டை போட்டார்கள். நூலகர் இரண்டு முறை அலமாரிக்குப் போய், மறுப்பு எழுதியவர்களையும், மறுப்புக்கு மறுப்பு எழுதியவர்களையும் எடுத்துவந்து மேசையில் போட்டார். போகும்போது வக்கீல் தன் ஒலிக்கருவியைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "மாமா, நாளைக்கு ரூம்ல வச்சு இந்தப் பக்கத்தைப் பதிவு பண்ணிடுங்க. பின்னால வர்றவங்களுக்கு வேணும்" என்றாள்.

தேர்வுக் குழு கூடிய அன்று காலையிலிருந்தே மழை. நூலகர் மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். கண்டக்டர் சலவைச் சட்டையில் வந்திருந்தார், தனக்குத்தான் நேர்காணல் என்பதுபோல. இரண்டு பேரும் தாழ்வாரத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. கண்டக்டர் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "உள்ள என்ன கேக்கிறாங்கன்னு உங்களுக்கு ஏதாவது கேக்குதா மேடம்?" என்று அவர் ரகசியமாகக் கேட்டது உள்ளே கேட்டிருக்கும். நூலகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

அவள் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. வந்து பெஞ்சின் விளிம்பைத் தொட்டு, தொப்பென்று உட்கார்ந்தாள். முகம் வெளிறி, மேலுதட்டில் வியர்த்திருந்தது.

"கேட்டாங்களா?" என்றார் நூலகர்.

"கேட்டாங்க. கிட்டத்தட்ட அதே வார்த்தையில."

"என்ன சொன்னே?"

"குளத்துக்குப் போன கதையைச் சொன்னேன். ஒருத்தர் இருமினார். ஒருத்தர் எழுதிக்கிட்டார், பேனா சத்தம் கேட்டுச்சு. நடுவுல இருந்த அம்மா ஒண்ணுமே பேசல. முடிவை அப்புறம் சொல்றாங்களாம்." பெருமூச்சு விட்டாள். "எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல அக்கா. நிஜமாத் தெரியல."

கண்டக்டர் வாயைத் திறந்தார். நல்லதே நடக்கும், நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லத்தான் திறந்தார் என்பது நூலகருக்குத் தெரிந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, "பசிக்குதா?" என்று கேட்டார்.

"பசிக்குது. அதைவிட இந்த ஷூ கொல்லுது." அறைத்தோழியிடம் இரவல் வாங்கிய கறுப்புக் காலணிகள். குனிந்து இரண்டையும் கழற்றினாள். குதிகால் சிவந்து தோல் உரிந்திருந்தது. கழற்றியதை எங்கே வைப்பது என்று கையை நீட்டித் துழாவினாள். கண்டக்டர் வாங்கிக்கொண்டார்.

மூவரும் விடுதிப் பக்கம் நடந்தார்கள். நடைபாதை ஓரமாக மழைநீர் ஓடியது. வக்கீல் கோலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, பாதையை விட்டிறங்கிப் புல்லில் நடக்க ஆரம்பித்தாள். ஈரம் பட்டதும் விரல்களை மடக்கி விரித்து, "ஆஹா" என்று சொல்லிக்கொண்டாள். நூலகர் ஒரு கணம் தயங்கி, தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் இறங்கினார். அவர்களுக்குப் பின்னால் கண்டக்டர், இரண்டு காலணிகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அவற்றின் நாடாக்கள் அவருடைய சலவைச் சட்டையில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தன.